மொட்டை மாடிக்குச் சாப்பிட வந்தவர்கள்

தூத்துக்குடியில் காக்கைகள் சோறெடுக்க மறந்துபோன அந்த வருஷத்து ஆடி அமாவாசையன்று, உச்சி வெயிலில், பவளம் பிளாட்ஸின் மாடிப்படிகளில் ஒரு பெங்குவின் ஏறி வந்தது. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தும் அதில் வரவில்லை, படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து, மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்கி நின்று, செத்தவர்களுக்காக நாங்கள் வரிசையாகப் போட்டிருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், தரைத்தளத்துப் பிச்சம்மாள் அக்கா தன் புருஷனுக்கு வைத்திருந்த இலைக்கு முன்னால் நின்று, வாழைக்காய்ப் பொரியலை ஒதுக்கிவிட்டுப் பருப்புச் சோற்றை மட்டும் தின்றது.

"அவிய வாழைக்காய் தொட மாட்டாவளே," என்றாள் பிச்சம்மாள் அக்கா. "வாய்வும்பாவ. மறந்து வச்சிட்டேன்."

அத்தோடு விஷயம் முடிந்தது. காக்கை வராத வருஷத்தில் பெங்குவினாவது வந்ததே என்று மற்றவர்கள் தங்கள் தங்கள் இலையைச் சரிசெய்துகொண்டு கிழக்கே பார்த்து நின்றார்கள். தின்று முடித்த பெங்குவின் வாயிலிருந்து வழுவழுப்பான ஒரு கூழாங்கல்லை எடுத்து பிச்சம்மாள் அக்காவின் கால்மாட்டில் வைத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பொதுவாக அவ்வளவு நேரம் மூடி வைத்திருப்பவள் இல்லை. "அது அடேலி பெங்குவின். தென்துருவத்தில் இருக்கும். பிடித்த பெண்ணுக்குக் கூடு கட்டக் கூழாங்கல் கொண்டுவந்து கொடுக்கும். கல் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக் கூட்டில் திருடியாவது கொண்டு வரும்."

"முப்பது வருஷத்துல ஒரு முழம் பூ வாங்கியாந்ததில்ல, பாவி மனுசன்," என்று பிச்சம்மாள் அக்கா கல்லை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் புருஷன் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். வெள்ளை வெயிலில், கண் கூசிக் கூசி, கால் வெடித்துச் செத்தவர். அவர் பனிக்குப் போனதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

ஆனால் எங்கள் பிளாட்ஸ்காரர்கள் அதை அப்படியா எடுத்துக்கொண்டார்கள்? ஆவணி அமாவாசைக்குள் பாவ புண்ணியக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய மிருகமாக வந்தால் பெரிய புண்ணியமாம், ஊர்வனவாக வந்தால் ஏதோ மறைத்து வைத்த பாவமாம். இரண்டாம் மாடி ஆடிட்டர் குடும்பத்தில் தாத்தா வாம்பேட்டாக வந்தார். ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும் குட்டைப் பிராணி, உலகத்திலேயே சதுரம் சதுரமாகக் கழியும் ஒரே ஜீவன். அவர் போனபின் தண்ணீர்த் தொட்டி ஓரம் அடுக்கிவைத்த மாதிரி கிடந்ததைப் பார்த்துவிட்டு, வரவு செலவில் எவ்வளவு கச்சிதமாக இருந்தவர் என்று அந்தக் குடும்பமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

செக்ரட்டரி ஆழ்வாரப்பன் நிலைமைதான் பாவம். அவருடைய அப்பா ஹெட்மாஸ்டராக இருந்து, ஒருநாள் லீவு போடாமல், ஓடி ஓடி, பள்ளிக்கூட மணியைக் கையில் பிடித்தபடியே விழுந்து செத்தவர். அவர் ஸ்லாத்தாக வந்தார். காலையில் கேட்டில் நுழைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு; மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாயிற்று. அதுவரை ஆழ்வாரப்பன் இலைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "எங்கப்பாவா இப்படி?" என்று என்னிடம் வந்து கேட்டார், ஏதோ நான்தான் அனுப்பி வைத்த மாதிரி.

"அண்ணாச்சி, அது மரத்தைவிட்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் இறங்கும், அதுவும் வெளிக்குப் போக. அசையாமல் கிடந்து கிடந்து அதன் முடியில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். உங்களுக்காக இன்றைக்கு அமேசான் காட்டிலிருந்து மெனக்கெட்டு வந்திருக்கிறார். உங்கள் அப்பா ஆயுசு முழுக்க எதற்கு ஏங்கினார் என்று உங்களுக்குத் தெரியாதா?"

அவர் திரும்பி ஸ்லாத்தைப் பார்த்தார். பிறகு, "உட்காரணும், உட்காரணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்றார்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் ஜெர்த்ரூத் உலக உருண்டையைச் சுழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைக்கச் சொல்வார். விரல் நிற்கிற ஊரில் என்ன பிராணி, என்ன மழை, செத்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஸ்கேல். அப்படி அடி வாங்கிப் படித்தது அத்தனையும் கல்யாணத்துக்குப் பிறகு புளி ஊறவைக்கவும் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும்கூட உதவவில்லை. இப்போது பாருங்கள், அமாவாசைக்கு அமாவாசை என் வீட்டுக் கதவைத் தட்டி, "வசுக்கா, கொம்பும் தாடியுமா ஒண்ணு நிக்கி, அது என்ன, அதுக்கு ரசம் ஊத்தலாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. சோற்றைக் குக்கரில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவேன், மூன்றாவது விசிலுக்குக் கீழே ஓடுவேன், மறுபடி மேலே.

ஐப்பசியில் தரைத்தளத்து ரெஜினா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஆளுவளுக்கு அமாவாசைக் கணக்கெல்லாம் கிடையாது, எங்களுக்குக் கல்லறைத் திருநாள்தான்," என்று நவம்பர் இரண்டாம் தேதி, தட்டில் சீலா மீன் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அதே தேதியில் மெக்சிகோ தேசத்தில் வீடு வீடாகச் செத்தவர்களுக்குப் படையல் போட்டு, வாசலிலிருந்து கேந்திப் பூவால் பாதை போட்டு வைப்பார்கள் என்று நான் சொன்னதும், பூக்காரியைக் கூப்பிட்டு ஒரு கூடை கேந்தியை வாங்கி மாடிப்படி முழுக்கக் கொட்டிவிட்டாள். பெருக்கியது யார் என்று கேட்காதீர்கள். அவளுடைய அப்பா சங்கு குளிக்கிறவர், ஆயுசில் பாதியை இருட்டுத் தண்ணீருக்கடியில் மூச்சடக்கிக் கழித்தவர். வெள்ளை வெளேரென்று, சிவந்த அலகோடு, ஒரு ஆர்க்டிக் ஆலாவாக வந்து இறங்கினார். வடதுருவத்தில் கோடை முடிந்தால் தென்துருவத்துக் கோடைக்குப் பறந்துவிடும் பறவை, பூமியில் அதைவிட அதிகமாக வெளிச்சம் பார்க்கும் ஜீவன் கிடையாது. சொன்னேன். ரெஜினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "வெளிச்சம் போதுமா அப்பா?" என்று சத்தமாகக் கேட்டாள், காது கேட்காதவரிடம் கேட்கிற மாதிரி.

இத்தனை பேர் வந்து தின்றுவிட்டுப் போன மாடியில், இரண்டு வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஒன்று என் வீடு. இன்னொன்று எதிர் வீட்டுப் பொன்வடிவு. அவள் இலையே போடவில்லை.

வடிவின் புருஷன் துரைப்பாண்டி கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சரக்குக் கப்பலோடு போனான், ஆப்பிரிக்காவுக்குக் கீழே எங்கோ கப்பலிலிருந்து சேதி வருவது நின்றுபோனது, கப்பலும் இல்லை, பலகையும் இல்லை, ஆளும் இல்லை. வடிவு தாலியைக் கழற்றவில்லை. தினமும் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள், மிஞ்சினால் காலையில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறாள். அவளுடைய கொழுந்தன் சிதம்பரநாதன் கெட்டவன் இல்லை, அதுதான் தொந்தரவு. அவன் மகளுக்கு வரன் தட்டிப்போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் திதி கொடுக்காத ஆவி நிற்கிறது என்று ஜோசியக்காரன் சொல்லிவிட்டான்.

"மதினி, ஒரு இலை போடுங்க," என்று மார்கழி அமாவாசை முடிந்த மறுநாள் வந்து நின்றான். நானும் அங்கேதான் இருந்தேன், தோசை மாவு இரவல் வாங்க. "ஊருல எல்லாருக்கும் வருதுல்ல. அண்ணனுக்கும் வரட்டும். வந்துட்டா மனசு தெளிஞ்சிரும். முறைப்படி எல்லாத்தையும் செஞ்சு..." என்று சொல்லிக்கொண்டே போனவன் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"உசுரோட இருக்கவியளுக்கு இலை போட்டா ஆகாதுப்பா," என்றாள் வடிவு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "சிதம்பரம், அலாஸ்காவில் ஒரு தவளை உண்டு. பனிக்காலம் வந்தால் உறைந்து கட்டையாகிவிடும், மூச்சு இருக்காது, நெஞ்சு அடிக்காது, தட்டினால் கல் மாதிரி சத்தம் வரும். வெயில் வந்ததும் எழுந்து குதித்துப் போகும். யாரும் அதுக்குத் திதி கொடுக்கிறதில்ல."

"அக்கா, எங்கண்ணன் தவளை இல்ல."

"இந்தோனேசியாவில் தொராஜான்னு ஒரு ஜனம். செத்தவங்களை வருஷக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே படுக்கவைத்து, உடம்பு சரியில்லை என்றுதான் சொல்வார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு வைப்பார்கள். எப்போது செத்தார் என்று வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்வார்கள். ஜோசியக்காரன் இல்ல."

அவன் என்னை விட்டுவிட்டு மதினியைப் பார்த்தான். "இலை போட்டு யாரும் வராட்டி உசுரோட இருக்காருன்னு அர்த்தம். செக்ரட்டரி சகலைக்கு வரலியே, பாத்தியள்ல?"

அது உண்மை. புரட்டாசியில் பம்பாய்ச் சகலையோடு சண்டை போட்டுவிட்டு, "அவன் எனக்குச் செத்தவன்" என்று ஆழ்வாரப்பன் கோபத்தில் ஓர் இலை போட்டார். அதற்கு ஒரு எறும்புகூட வரவில்லை. சாயங்காலம் சகலையே போன் பண்ணி, தனக்கு விடாமல் விக்கல் எடுக்கிறது, யார் நினைக்கிறீர்கள் என்று கேட்டார்.

வடிவு நிமிர்ந்தாள். "வராட்டி, பெறவு இந்தப் பேச்சை எடுக்க மாட்டியளே?"

சிதம்பரம் வாயெடுத்தான், பிறகு என்னைப் பார்த்துத் தயங்கினான். "அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு மதினி. வசுக்கா மாமியாருக்கும்தான் யாரும் வரல. அவிய செத்தது ஊருக்கே தெரியும். அப்போ வராததை வச்சு எப்படி நம்புறது?"

இடி என் தலையில் விழுந்தது.

எங்கள் அத்தை போன வருஷம் சித்திரையில் தவறினாள். குளிப்பாட்டியது நான், கோடிச் சேலை கட்டியது நான், என் கண்ணால் பார்த்து அனுப்பினேன். ஆடியிலிருந்து மாதாமாதம் இலை போடுகிறேன். என் வீட்டுக்காரர் பேங்க்குக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, வெயிலில் வேட்டி கட்டிக்கொண்டு, வானத்தையும் மாடிப்படியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். யாரும் வருவதில்லை. "உசுரோட இருந்தப்போ சோறு போட்ட லட்சணம் அப்படி இருக்கும்," என்று பிச்சம்மாள் அக்கா லிஃப்டுக்குள் சொன்னது, லிஃப்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கூழாங்கல் கிடைத்ததிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை.

இப்போது என் காலி இலையால் வடிவின் காலி இலைக்கும் மதிப்பில்லாமல் போய்விட்டது. என் மாமியார் வந்து தின்றால்தான், துரைப்பாண்டி வராதது சாட்சி ஆகும்.

"தை அமாவாசைக்கு இலை போடுதேன்," என்றாள் வடிவு. "யாராச்சும் வந்து தின்னா, நீங்க சொல்லுதபடி கேக்கேன். வசுக்கா அத்தைக்கு ஆள் வந்து எனக்கு வராட்டி, இந்த வாசல்ல நின்னு அண்ணன்கிற வார்த்தையைச் செத்தவியளைச் சொல்லுத மாதிரி தாழ்ந்த குரல்ல சொல்லக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் மதினி."

கதவைச் சாத்தியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வசுக்கா, உங்க அத்தைக்கு என்ன பிடிக்கும்?"

நின்று யோசித்தேன். இருபது சொச்சம் வருஷம் ஒரே அடுப்படியில் நின்றிருக்கிறேன், அந்த மனுஷிக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்கே தெரியாது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிஞ்சினதைப் பாத்திரத்திலேயே பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிடுவாள். பதினாறு வயதில் இந்த ஊருக்கு வாழ வந்தவள், கடல் இருக்கிற ஊரில் சாகிறவரை கடலைப் பார்க்காதவள். ஜன்னலில் கருவாட்டு வாடை வரும், துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தத்தை வைத்து உலையை இறக்குவாள், அவ்வளவுதான் அவளுக்கும் கடலுக்கும். "வாங்க அத்தை, ஒரு நடை பீச்சுக்குப் போய்ட்டு வருவோம்" என்றால், "அங்கன என்ன இருக்கு, தண்ணிதான" என்பாள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள்.

தை அமாவாசையன்று பவளம் பிளாட்ஸில் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. விஷயம் பரவி, பக்கத்துத் தெருக்காரர்கள்கூட எதிர் மாடிகளில் குடையோடு நின்றார்கள். அத்தைக்கு நான் தலைவாழை இலை போட்டேன், கல்யாணப் பந்தி மாதிரி, உப்பிலிருந்து பாயசம் வரை. ஆயுசில் ஒரு தடவையாவது முதல் பந்தியில் உட்காரட்டும். பக்கத்தில் வடிவு தன் புருஷனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்தாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். பெங்குவின் கல்லோடு வந்தது. ஆடிட்டர் தாத்தா சதுரமாக வந்து போனார். ஸ்லாத் முதல் நாளே கிளம்பியிருக்க வேண்டும், நேரத்துக்கு வந்துவிட்டது, ஆழ்வாரப்பனுக்கு முகமெல்லாம் பெருமை. சோறு ஆறியது. சொதியின் மேல் ஏடு படிந்தது. எங்கள் இரண்டு இலையும் அப்படியே இருந்தன.

அப்போது தெற்கே, துறைமுகத்துப் பக்கம், ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. சிறகை அடிக்கவே இல்லை. அசையாமல், காற்றில் சாய்ந்து சாய்ந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் நிழல் மூன்று வீட்டு மாடியை ஒரே நேரத்தில் மூடியது. இறங்கும்போதுதான் தெரிந்தது, அதற்கு இறங்கவே தெரியவில்லை. டிஷ் ஆன்டெனாவில் இடித்து, கொடியில் காய்ந்த ஆடிட்டர் வீட்டுப் போர்வையில் சிக்கி, தலைகீழாக உருண்டு, எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இறக்கையை மடக்கி வைத்துக்கொண்டது.

"ஆல்பட்ராஸ்!" என்று கத்திவிட்டேன். சிஸ்டர் ஜெர்த்ரூத் இருந்திருந்தால் ஸ்கேலைக் கீழே போட்டிருப்பார். "பறவைகளிலேயே பெரிய இறக்கை இதுக்குத்தான்! தென்கடல் பறவை! நாள் கணக்கா இறக்கையை அடிக்காமலே பறக்கும்! இளசா இருக்கும்போது கிளம்பினா, வருஷக்கணக்கா தரையை மிதிக்காது!"

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கடல் பறவை. தென்கடல். ஆப்பிரிக்காவுக்குக் கீழே.

"அண்ணன்," என்றான் சிதம்பரம், அழ ஆரம்பித்துவிட்டான். "அண்ணன் வந்துட்டான் மதினி."

வடிவு தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். பறவை சவ்வுக் காலை எடுத்து எடுத்து வைத்து, ஆடி ஆடி, நேராக வந்து, அவள் போட்ட இலைக்கு முன்னால் நின்றது. கொக்கி மாதிரி வளைந்த அலகைத் தாழ்த்தி சொதியை மோந்தது. எனக்கு அந்தப் பறவையின் கழுத்தைப் பிடித்துத் திருப்பவேண்டும் போல இருந்தது.

அது தலையைத் தூக்கி வடிவை ஒருமுறை பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை, நல்லா இருக்கியா என்று பார்க்கிற மாதிரிதான் பார்த்தது. பிறகு நகர்ந்து அடுத்த இலைக்கு வந்து, கால்களை மடக்கி, சப்பணம் போட்டு உட்கார்ந்து, உப்பிலிருந்து ஆரம்பித்தது.

வரிசை மாறாமல் தின்றது. கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், பாயசம் எல்லாவற்றையும் தின்றது. நிதானமாக, யாரும் கூப்பிடமாட்டார்கள், எதையும் எடுத்துவைக்க எழுந்து ஓட வேண்டாம் என்று தெரிந்த ஒருத்தி தின்கிற மாதிரி. அதன் மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"அம்மா அழுதா," என்றார் என் வீட்டுக்காரர்.

"அழல. அது கடல் தண்ணியைத்தான் குடிக்கும், உப்பை மூக்கு வழியா இறக்கிவிடும். எல்லாத்துக்கும் அழுகையா? இவ்வளவு நாளா உங்க அம்மா ஊர் சுத்திக்கிட்டு இருந்திருக்கா! உலகத்தையே சுத்தி வந்திருக்கா! சந்தோஷப்படுங்க!" என்று அதட்டினேன்.

தின்று முடித்ததும், பறவை அலகால் இலையின் மேல்பாதியைப் பிடித்து இழுத்து, தன் பக்கமாக மடித்தது. சாப்பாடு நிறைவு, உறவு தொடரட்டும் என்று அர்த்தம். பிச்சம்மாள் அக்காவை நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கூழாங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வடிவு புருஷனுக்குப் போட்ட இலையின் முன்னால் உட்கார்ந்து, சொதியைச் சோற்றில் ஊற்றிப் பிசைய ஆரம்பித்திருந்தாள்.

"மதினி! திதிச் சோறு! தொடக்கூடாது!" என்று சிதம்பரம் பதறினான்.

"செத்தவியளுக்கு வச்சாத்தானப்பா திதிச் சோறு," என்றாள் வடிவு, வாயில் உருண்டையோடு. "இது ஆறிப்போன சோறு. அம்புட்டுத்தான்."

சிதம்பரம் நின்றான். சரியாக அழவும் தெரியாமல் சிரிக்கவும் தெரியாமல் நின்று, பிறகு அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, "எனக்கும் ஒரு கை குடுங்க மதினி," என்றான்.

இப்போது பறவையை அனுப்ப வேண்டும். ஆல்பட்ராஸ் நின்ற இடத்திலிருந்து எழும்பாது, காற்றுக்கு எதிராக ஓட இடம் வேண்டும் என்று நான் சொன்னதும், கொடியில் ஒரு கிளிப்பை இடம் மாற்றினாலே நோட்டீஸ் ஒட்டுகிற ஆழ்வாரப்பன் தானே ஓடி ஓடிக் கொடிகளை அவிழ்த்தார், ரெஜினா அக்கா வடாகப் பாயைச் சுருட்டினாள், யாரோ ஸ்லாத்தைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். மாடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழி விட்டது. ஆயுசெல்லாம் அடுப்படிக்கும் துவைகல்லுக்கும் நடந்த எங்கள் அத்தை இறக்கையை விரித்தாள், அது விரிந்தது, இன்னும் விரிந்தது, இரண்டு பக்கமும் ஜனங்கள் பின்னால் போனார்கள், அவள் தப்புத் தப்பென்று காலை வைத்து ஓடினாள், கைப்பிடிச் சுவர் வந்தது, என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், நான் மூடவில்லை, சுவருக்கு அப்பால் ஒரு கணம் கீழே போய், காற்றைப் பிடித்து, மேலே வந்தாள்.

"அத்தை!" என்று வடிவு எச்சில் கையோடு சுவருக்கு ஓடிவந்து, துறைமுகத்துக் கப்பல்களுக்குக் கேட்கும்படி கத்தினாள். "அத்தை! கடல்ல எங்கயாச்சும் அவியளைப் பாத்தியள்னா, சொதியை நான் தின்னுட்டேன்னு சொல்லுங்க! வீட்டுக்கு வந்தாத்தான் வேற வப்பேன்னு சொல்லுங்க!"